பரங்கிப் பூவுக்குச் சட்டை

என் மாமனாருக்கும் வண்டுகளுக்கும் சண்டை மூண்டது, யுத்தத்தினால் நூல் வராமல் எங்கள் தறிகள் நின்றுபோன வருஷத்தில். சண்டை என்று நான் சொல்கிறேனே தவிர, அப்படி ஒன்று நடக்கிறது என்பதே வண்டுகளுக்குக் கடைசி வரை தெரியாது. அவை பாட்டுக்கு வந்தன, போயின. துண்டை உதறிக்கொண்டு தோட்டம் முழுக்க ஓடினவர் அவர் ஒருவர்தான்.

அப்போது நான் கல்யாணமாகி ஆர்.கே.பேட்டையிலிருந்து திருத்தணிக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பிறந்த வீட்டிலும் தறி, புகுந்த வீட்டிலும் தறி. வந்ததும் என்னை ராட்டைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போகிற சின்னக் குச்சிக்குத் தார் என்று பெயர், அதற்கு நூல் சுற்றுவது என் வேலை. எனக்கு இடக்கைப் பழக்கம். அறுந்த நூலை நான் முடிந்தால், முடிச்சு மற்றவர்களுடையதைப் போல இல்லாமல் எதிர்ப்பக்கமாகத் திரும்பி நிற்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் மாமியார் உச்சுக் கொட்டுவார். துணியில் ஒன்றும் தெரியப் போவதில்லை, விட்டுவிடு என்று மாமனார் சுவரைப் பார்த்துச் சொல்வார்.

சுவரைப் பார்த்து ஏன் என்றால், எங்கள் வீட்டில் மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் கிடையாது. அவர் முன்வாசலில் வந்தால் நான் பின்கட்டுக்குப் போய்விட வேண்டும். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அவர் சுவரிடம் சொல்வார், அல்லது மாமியாரிடம் சொல்வார். நான் மாமியாரிடம் பதில் சொல்வேன், அது அவர் காதில் விழும். ஒரே வீட்டுக்குள் இப்படித் தபால் போய் வந்துகொண்டிருந்தது. அதில் ஒரு சௌகரியமும் உண்டு. பிடிக்காத தபாலை, வந்து சேரவில்லை என்று விட்டுவிடலாம்.

நூல் நின்றதும் என் வீட்டுக்காரர் திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போய்விட்டார். எப்போதாவது ஒரு நாள் வருவார், தின்றுவிட்டுத் தூங்குவார், தன் நைனாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டார். மாமனாருக்கு மட்டும் போக்கிடம் இல்லை. சின்ன வயசிலிருந்து தறிக்குழியில் கால் வைத்து மிதித்த மனுஷன். சும்மா உட்கார்ந்திருந்தாலும் பாதம் இரண்டும் மாறி மாறி தரையை மிதித்துக்கொண்டே இருக்கும். அந்தக் கால்கள் அவரை வீட்டுக்குள் இருக்க விடவில்லை. மலைமேல் சாமியிடம் போய் வேண்டிக்கொண்டு வந்துவிட்டார். நூல் வந்து தறி ஓடுகிற வரைக்கும் தினமும் தன் கையால் வளர்த்த பூவைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று வேண்டுதல். அதோடு நிறுத்தியிருந்தால் வம்பில்லை. வண்டு எச்சில் படாத பூவாகக் கொடுக்கிறேன் என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

ஊரில் சாமிக்குப் பூப் பறிக்கிறவர்கள் எல்லோருமே விடியுமுன் பறித்துவிடுவார்கள். வண்டு எழுந்திருப்பதற்குள் பூ கூடைக்குப் போய்விடும். மாமனாருக்கு அது போதவில்லை. ராத்திரியில் வருகிற பூச்சியை யார் பார்த்தது என்று கேட்டார். நெசவுக்காரர் மூளை நெசவுக்காரர் வழியில்தானே போகும்? தறியில் மிஞ்சின மல் துணியை எல்லாம் எடுத்து விரல் நீளத்துக்கும் உள்ளங்கை அகலத்துக்கும் சின்னச் சின்னப் பைகளாகத் தைத்தார். சாயங்காலம் செவ்வரளி மொட்டுக்கும் இட்லிப்பூக் கொத்துக்கும் அதை மாட்டி, கழுத்தில் நூலால் முடிந்துவிடுவார். மாமியார் அதற்குச் சட்டை என்று பெயர் வைத்தார். மனுஷருக்கே கூப்பனுக்குத்தான் துணி கிடைத்த காலம் அது. எங்கள் வீட்டு அரளி புதுத்துணி உடுத்திக்கொண்டு நின்றது.

இதெல்லாம் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, பரங்கிக் கொடிக்கு வருகிற வரைக்கும்.

பரங்கிக் கொடி மாமியாருடையது. கிணற்றுத் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலோரம் போட்டிருந்தார். மாசி பிறந்து வெயிலில் கொஞ்சம் சூடு ஏறியதும் அது தோட்டத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டு பூக்க ஆரம்பித்தது. நான் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பொங்கலுக்கு அனுப்பவில்லை, அதற்குப் பின்னும் அனுப்பவில்லை. கடைசியில் மாமியார் ஒரு வழி சொன்னார்.

"வெறுங்கையோட உன்ன அனுப்பினா எங்க மானம் போயிடும். சக்கரை கெடைக்கல, துணி கெடைக்கல. கொடி மொதக்காய் குடுக்கட்டும், அத்த எடுத்துக்கினு போ."

அவ்வளவுதான். என் பயணம் பரங்கிக்காயில் வந்து நின்றது. ஆர்.கே.பேட்டை என்ன சீமையா, பஸ் ஏறினால் வந்துவிடுகிற ஊர். ஆனால் காய் இல்லாமல் அந்த பஸ் எனக்கு ஓடாது.

அன்றிலிருந்து நான் தோட்டத்துக்குக் காவல் ஆனேன். சுற்ற நூல் இல்லாத ராட்டையைப் பின்வாசலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் மொத்தத் தோட்டமும் கண்ணுக்கு முன்னால் இருக்கும். பனி காய்கிறவரை பூச்சி எதுவும் அசையாது. முதலில் எழுந்திருப்பது கருவண்டு. கட்டை விரல் தடிமன், முதுகு கன்னங்கரேலென்று எண்ணெய் தடவினாற்போல் மினுக்கும், றெக்கையில் நீலம் ஓடும். அது நேரே முருங்கைக்குப் போகும். போகிற சத்தத்திலேயே வீட்டில் தூங்குகிறவர்கள் எழுந்துவிடலாம். அதற்குப் பிறகு தேனீக்கள் துளசிக்கு வரும். துளசி மாடத்தில் துண்டை வீசக் கூடாது என்பதால் அங்கே உட்கார்ந்த தேனீயை மாமனார் ஒன்றும் செய்ய முடியாது. கைகட்டி நின்று முறைப்பார். இட்லிப்பூவின் ஒடுக்கமான குழலுக்குள் நாக்கு விட முடிந்தது நீள நாக்குப் பட்டாம்பூச்சிகளுக்கு மட்டும்தான், மற்றதெல்லாம் வந்து ஏமாந்து போகும். சாமந்தியில் ஒரு ஈ வரும். தேனீயைப் போலவே உடம்பில் மஞ்சள் கோடு போட்டுக்கொண்டிருக்கும், ஆனால் கொட்டத் தெரியாத சாது. மாமனார் அதைத்தான் அதிகமாகத் துரத்தினார். சாமி கும்பிடும்போது தமிழில் கும்பிடுகிறவர், வண்டைத் திட்டும்போது மட்டும் தெலுங்குக்குப் போய்விடுவார். என்ன திட்டு என்று இங்கே எழுத முடியாது.

கருவண்டுகள் எங்கிருந்து வருகின்றன என்பது அவருக்குப் பெரிய ஆராய்ச்சி. பக்கத்து வீட்டுப் புளியமரத்திலிருந்துதான் என்று முடிவு கட்டி, அந்த வீட்டுக்காரரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். எனக்கோ முதல் வாரமே தெரியும். தெருவில் நெடுக்கு நூலைப் பாவாக விரிக்கும்போது நட்டு வைக்கிற மூங்கில் கழிகள், வேலை இல்லாததால் தறிவீட்டுச் சுவரில் சாத்தியே கிடந்தன. அந்தக் கழிகளில்தான் கருவண்டுகள் துளை போட்டுக் குடித்தனம் நடத்தின. துளை, தச்சர் துரப்பணம் வைத்துக் குடைந்தது போல அத்தனை வட்டமாக இருக்கும். கீழே மூங்கில் தூள் சிந்திக் கிடக்கும். மாமனார் புளியமரத்தை அண்ணாந்து பார்த்துத் திட்டிக்கொண்டிருக்கும்போது, அவர் முதுகுக்குப் பின்னால் அவருடைய கழியிலிருந்தே ஒன்று புறப்பட்டுப் போகும். நான் ஏன் சொல்லப் போகிறேன்? நேருக்கு நேர் பேசக் கூடாது என்ற சட்டத்தை நானா போட்டேன்?

அப்புறம்தான் அவர் கண் பரங்கிப் பூவில் விழுந்தது.

"இந்தப் பூதான் தண்டோரா போட்டு வண்டக் கூப்டுது. இத்த மூடினா ஒண்ணும் உள்ள வராது" என்று மாமியாரிடம் சொன்னார்.

மறுநாளே பெரிய சைஸில் சட்டை தைத்து வந்துவிட்டது. மாலையில் மறுநாள் மலரப் போகிற பரங்கி மொட்டு ஒவ்வொன்றையும் தேடித் தேடி மாட்டினார். விடிந்ததும் அரளியைப் பறித்துக்கொண்டு மலையேறுவார். அவர் வருகிறவரை, சாயரட்சைப் பூஜைக்கென்று விட்டுவைத்த பூக்களைப் பூச்சி தொடாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். மருமகளை வண்டு ஓட்டச் சொல் என்று சுவருக்கு உத்தரவு வந்தது. கையில் பனைவிசிறியைக் கொடுத்தார்கள். என் வழியில் நானே தடியோடு நிற்க வேண்டும் என்று ஆகிவிட்டது.

பரங்கிப் பூவில் இரண்டு தினுசு. ஒன்று நீளக் காம்பில் வெறும் பூவாக நிற்கும். இன்னொன்றின் அடியில் கோலிக்குண்டு அளவு பிஞ்சு இருக்கும். பிஞ்சுப் பூ சட்டைக்குள்ளேயே மலர்ந்து, வெயில் ஏறுவதற்குள் சுருங்கிவிடும். அடுத்த சில நாளில் பிஞ்சு பழுத்துச் சுருண்டு கீழே விழும். ஒன்று விழுந்தது, இன்னொன்று விழுந்தது. மாமியார் கண் திருஷ்டி என்று சொல்லி, சுண்ணாம்புப் பொட்டு வைத்த சட்டியைக் கொடிக்கு நடுவே கவிழ்த்து வைத்தார். வண்டு வராததால்தான் உதிருகிறது என்று நான் மெல்ல எடுத்துச் சொன்னேன். வண்டு பூவை எச்சில் பண்ணுமா, காய் கொடுக்குமா என்று என்னையே திருப்பிக் கேட்டார். எங்கள் அம்மா வீட்டுக் கொடியில் வண்டு புகுந்த பூ காய்த்தது, புகாத பூ உதிர்ந்தது. அதைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். ஒவ்வொரு பிஞ்சு விழும்போதும் அம்மாவின் முகம் ஒரு மாதம் தள்ளிப் போய்விட்டதே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

நேரான வழி எல்லாம் அடைத்துவிட்டால் மனுஷி வேறு என்ன செய்வாள்? அவர் மலையேறிய பிறகு ஒரு பிஞ்சுப் பூவின் சட்டையைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தேன். எந்த வண்டும் எட்டிப் பார்க்கவில்லை. துண்டு வீச்சுக்குப் பயந்து எல்லாம் முருங்கையோடு நின்றுவிட்டன. மாமனாரும் மெதுவாகவா வருவார்? மிதித்துப் பழகிய கால், படிக்கட்டை ஓடியே ஏறி ஓடியே இறங்கும். நெற்றியில் விபூதி காயுமுன் வீட்டில் இருப்பார். முதல் நாள் அவசரம் அவசரமாகச் சட்டையை மாட்டி முடிந்துவிட்டுத் தப்பித்தேன். தறிமுடிச்சுத்தான் போட்டிருந்தார். வேறு யாரும் அவிழ்த்தால் திரும்பப் போடத் தெரியாது என்று அவருக்கு நம்பிக்கை. நெசவுக்காரர் வீட்டிலேயே பெண் எடுத்துவிட்டு அப்படி நம்பினால் அது யார் தப்பு?

வண்டு தானாக வராவிட்டால் அழைத்துக்கொண்டு வந்துவிட வேண்டியதுதான் என்று தீர்மானித்தேன்.

அடுத்த நாள் காலையில், நீளக் காம்புப் பூ ஒன்றின் சட்டையைக் கழற்றி, பூவைப் பறித்து, காம்பை இடது கையில் பிடித்துக்கொண்டு தறிவீட்டுச் சுவரோரம் போனேன். மூங்கில் துளைக்கு நேரே பூவின் வாயைக் காட்டிக்கொண்டு நின்றேன். உள்ளே முதலில் முறுமுறுவென்று சத்தம். பிறகு ஒரு கரிய முகம் வெளியே வந்து, என்னைப் பார்த்தது, பூவைப் பார்த்தது. காலையில் வீட்டு வாசலுக்கே இலை போட்டால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? நேரே உள்ளே இறங்கிவிட்டது. சட்டென்று இதழ்களைக் கூட்டிப் பிடித்து மூடினேன். கைக்குள் பூ அதிர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, கொட்டிவிடாதே கொட்டிவிடாதே என்று சொல்லிக்கொண்டே கொடிக்கு ஓடினேன். மலர்ந்திருந்த பிஞ்சுப் பூவின் வாயோடு இந்தப் பூவின் வாயை வைத்து, இரண்டின் மேலேயும் பெரிய சட்டையை மாட்டி, கழுத்தை முடிந்துவிட்டேன். வண்டு வரக் கூடாது என்று மாமனார் தைத்த சட்டை, வண்டு போகக் கூடாது என்பதற்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. விசிறியை வாயில் வைத்து மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் திறந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அன்றைக்கு என்று அவர் இன்னும் சீக்கிரம் வந்துவிட்டார். நான் பின்கட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன்.

தோட்டத்துக்குள் வந்தவர் அப்படியே நின்றார். தலையைச் சாய்த்துக் கேட்டார். கொடியைத் தாண்டித் தாண்டிப் போய், குனிந்து, ஒரு சட்டைக்குப் பக்கத்தில் காதை வைத்தார்.

"இன்னாடி இது, சட்டைக்குள்ள யாரோ ராட்டை சுத்திக்கினு கீறாங்க" என்று மாமியாரைக் கூப்பிட்டார்.

மாமியார் அடுப்படியிலிருந்தே, காற்றாக இருக்கும் என்றார். காற்று எங்காவது இப்படி அடைபட்டுப் புலம்புமா? மாமனார் முடிச்சைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நிறைய நேரம் பார்த்தார். அவிழ்க்கத் தெரியாமல் நின்றாரா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. பிறகு அவிழ்த்தார். சட்டைக்குள்ளிருந்து அந்தக் கருவண்டு வந்தது. கருவண்டு என்று சொல்லவே முடியாது, உடம்பெல்லாம் மஞ்சள் தூள். கல்யாணத்துக்கு நலங்கு வைத்தாற்போல் இருந்தது. அவர் விபூதி நெற்றியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, புளியமரத்தின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், நேரே தறிவீட்டுச் சுவருக்குப் போய், பாவுக் கழியில் இருந்த துளைக்குள் புகுந்துகொண்டது.

மாமனார் பின்னாலேயே போனார். கழியைத் தொட்டுப் பார்த்தார். ஒரு துளை, அதற்கு மேலே இன்னொன்று, பக்கத்துக் கழியில் வேறு. கீழே சிந்தியிருந்த தூளை விரலில் எடுத்துத் தேய்த்தார். புகை போடுவார், கழியை உடைப்பார், என் கதை முடிந்தது என்று நினைத்தேன். அவர் கழிகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார். காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். மாமியார் வந்து என்னவென்று கேட்டபோது, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நம்ம கழிதான். உள்ள வேலை நடந்துகினு கீது. இந்த வூட்ல யாருக்காவது வேலை கீதே, நடக்கட்டும்."

அப்போதுதான் கவனித்தேன், அவருடைய பாதங்கள் ஆடாமல் இருந்தன. சிரிப்பை அடக்க வாயில் வைத்திருந்த விசிறியைக் கீழே இறக்கினேன். இத்தனை நாளும் எரிச்சலில் அவரை ஒரு கோமாளியாகத்தான் பார்த்திருக்கிறேன். வேலை இல்லாத மனுஷனாகப் பார்க்கவில்லை.

சாயங்காலம் பரங்கிக்கு மட்டும் சட்டை மாட்டவில்லை. அரளிக்கும் இட்லிப்பூவுக்கும் மாட்டினார், வேண்டுதல் வேண்டுதல்தான். என் பிஞ்சு உதிரவில்லை. முதலில் எலுமிச்சை ஆனது, பிறகு தேங்காய் ஆனது, பங்குனி வெயிலில் இலைக்கடியில் பானை போல உட்கார்ந்துகொண்டது. திருஷ்டிச் சட்டி வேலை செய்துவிட்டது என்று மாமியார் தெரு முழுக்கச் சொன்னார். நானும் ஆமாம் ஆமாம் என்றேன். பக்கத்து வீட்டுப் புளியமரத்துக்காரரோடும் பேச்சு மறுபடி ஆரம்பமானது. காரணம் அவருக்கு இன்றுவரை தெரிந்திருக்காது.

சித்திரையில் காய் பழுத்து நிறம் மாறின அதே வாரத்தில் நூல் வந்துவிட்டது.

தெருவே கலகலத்தது. என் வீட்டுக்காரர் கரும்பை விட்டுவிட்டு ஓடி வந்தார். மாமனார் மலையேறி வேண்டுதலை முடித்துவிட்டு வந்து, கழிகள் வேண்டும் என்றதும், சுவரில் சாத்தியிருந்ததைத் தொடாமல், எதிர்வீட்டில் இரவல் வாங்கிக்கொண்டு வந்து பாவு விரித்தார். நல்ல கழி இருக்க இரவல் எதற்கு என்று மாமியார் சத்தம் போட்டார். எனக்கும் சந்தோஷம்தான், தறிச் சத்தம் கேட்காத வீடு வீடாகவே இல்லை. ஆனால் பையில் புடவையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது மாமியார் வந்து நின்றார். இரண்டு தறியும் ஓடப் போகிறது, நீ போய்விட்டால் தார் யார் சுற்றுவது, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் என்னால் சண்டை போட முடியவில்லை. கிணற்றடிக்குப் போய் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு அழுதேன்.

திரும்பி வந்தபோது மாமனார் தோட்டத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். தோளில் துண்டைச் சும்மாடாக மடித்து, அதன்மேல் பரங்கிக்காயைத் தூக்கி வைத்திருந்தார். மாமியார் வாயைத் திறக்குமுன், தார் நான் சுற்றிக்கொள்கிறேன் என்றார். தறிக்காரர் போய்ப் பெண்கள் வேலைக்கு ராட்டையில் உட்காருவதா, தெருவே சிரிக்கும் என்று மாமியார் பதறினார். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். நான் பையை எடுத்துக்கொண்டு பின்னால் பத்தடி தள்ளிப் போனேன்.

பெட்ரோல் கிடைக்காத காலம் அது, பஸ் பின்னால் மாட்டியிருந்த கரி அடுப்பை ஊதிக்கொண்டு புகையோடு நின்றிருந்தது. மாமனார் காயை என் இருக்கைக்கு அடியில் உருளாதபடி வைத்தார். இறங்கி வந்து ஜன்னலுக்குக் கீழே நின்றார். அங்கே சுவர் எதுவும் இல்லை. அதனாலோ என்னவோ, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"அம்மாகிட்ட பொய் சொல்லாதம்மா. வண்டு எச்சில் பண்ண காய்தான்னு சொல்லு. முடிச்சு எதிர்ப்பக்கம் திரும்பினதப் பாத்தப்பவே நீ ஊருக்குப் போவேன்னு எனக்குத் தெரியும்."

வழக்கத்தை மீறி நான் பதில் பேசக் கூடாது. புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டேன். அவர் திரும்பிப் பார்க்காமல் வேகவேகமாகத் தெருவுக்கு நடந்தார், ராட்டையில் உட்கார.